அறிஞர் அஸீஸ் செய்த முதலீடு

சம்பூரில் முதலீடு என்ற சொல்லை யாரும் இலேசாகச் சொல்வதில்லை. கொட்டியாரக் குடாவின் கரையில், திருகோணமலைத் துறைமுகத்துக்கு எதிர்ப்புறமாக இருக்கும் இந்த ஊர் மக்கள் 2006 ஏப்ரலில் குண்டு வீச்சுக்கு அஞ்சி வெளியேறினார்கள். அதே ஆண்டு ஓகஸ்டில் மூதூர் முஸ்லிம்களாகிய நாங்களும் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கந்தளாய் பக்கம் ஓடினோம். நாங்கள் சில வாரங்களில் திரும்பி வந்தோம். சம்பூர் மக்களுக்கு அது வாய்க்கவில்லை. அவர்களுடைய காணிகள் முதலில் உயர் பாதுகாப்பு வலயமாகின. பிறகு ஒரு பகுதி நிலக்கரி மின்நிலையத்துக்கென்று ஒதுக்கப்பட்டது. இன்னும் 818 ஏக்கர் முதலீட்டுச் சபையின் கீழ் கைத்தொழில் வலயத்துக்கு என்றார்கள். அந்த 818 ஏக்கரை விடுவிக்கும் முடிவு 2015இல்தான் வந்தது. நிலக்கரித் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. இந்த ஊரில் வளர்ந்த பிள்ளைக்கு முதலீடு என்றால், யாரோ வருவார்கள், நம்மை எழுப்பிவிட்டு நம் நிலத்தில் எதையோ கட்டுவார்கள் என்றுதான் பொருள்.

இந்தப் பிரதேசத்தில் ஆசிரியராக வேலை செய்கிறேன். ஆசிரியர் கலாசாலையில் படித்து வெளியேறியது முதல் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளோடுதான் என் காலம் கழிகிறது. உயர்தர வணிகப் பிரிவில் படிக்கும் பிள்ளைகளிடம் எதிர்காலத்தில் என்ன ஆகப் போகிறீர்கள் என்று கேட்டால், இப்போது சிலர் முதலீட்டு வங்கியாளர் என்கிறார்கள். தொலைபேசியில் பார்த்த காணொளிகளின் தாக்கம். அது என்ன வேலை என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியாது. பணம் வைத்திருப்பவரையும் பணம் தேவைப்படும் தொழிலையும் இணைத்து வைப்பது, எது வளரும், எது வளராது என்று கணித்துச் சொல்வது, நீண்ட காலம் பொறுத்திருந்து பலன் எடுப்பது என்று விளக்குவேன். அப்படி விளக்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருபவர் ஒரு நாளும் வங்கியில் வேலை பார்க்காத ஒருவர். அவர்தான் மர்ஹூம் ஏ. எம். ஏ. அஸீஸ்.

நம் பிள்ளைகளில் பலருக்கு அவர் பெயர் தெரியாது. தெரிந்தவர்களுக்கும் 1986இல் வெளியான முத்திரையில் இருக்கும் ஒரு முகம், ஸாஹிராவின் பழைய அதிபர் என்ற அளவில்தான் தெரியும். ஆகவே அவருடைய வாழ்க்கையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அபூபக்கர் முஹம்மது அப்துல் அஸீஸ் 1911 ஒக்டோபர் 4ஆம் திகதி யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தார். தந்தை ஒரு சட்டத்தரணி. யாழ்ப்பாண முஸ்லிம்களிடையே மதிப்புப் பெற்றவர். அஸீஸ் குர்ஆன் மத்ரஸாவில் ஓதினார். பிறகு வைத்தீஸ்வரா வித்தியாலயத்திலும், 1923 முதல் 1929 வரை யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் படித்தார். ஒரு முஸ்லிம் பிள்ளை சைவப் பாடசாலையில் படிப்பது அந்தக் காலத்தில் விநோதமாகத் தெரிந்திருக்கலாம். ஆனால் அந்தப் பாடசாலை அவருக்குத் தமிழைத் தந்தது. அவருடைய மார்க்கத்தை அது எடுத்துக்கொள்ளவில்லை. பின்னாளில் இலங்கை முஸ்லிம்களின் தாய்மொழி எது என்ற கேள்வி எழுந்தபோதெல்லாம் அவர் தடுமாறாமல் தமிழ் என்று நின்றதற்கு அந்த ஆண்டுகளும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

அப்போது இலங்கையில் பல்கலைக்கழகம் கிடையாது. 1921இல் தொடங்கிய கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரிதான் இருந்தது. அங்கு படித்தவர்கள் இலண்டன் பல்கலைக்கழகப் பரீட்சையை எழுதினார்கள். அஸீஸ் 1929இல் அங்கு சேர்ந்து வரலாற்றில் சிறப்புப் பட்டம் பெற்றார். புலமைப்பரிசில் கிடைத்து, 1934இல் மேற்படிப்புக்காகக் கேம்பிரிட்ஜ் சென்றார். 1935இல் இலங்கை சிவில் சேவைக்குத் தெரிவானதால் அந்தப் படிப்பை இடையில் விட்டு நாடு திரும்பினார்.

சிவில் சேவை என்றால் என்ன என்பதை இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைப்பது சிரமம். நாட்டை நிர்வகித்தவர்கள் அந்தச் சிறு கூட்டத்தினர்தான். கச்சேரிகள் அவர்கள் கையில் இருந்தன. சம்பளமும் அதிகம், மரியாதை அதை விட அதிகம். அந்தச் சேவைக்குள் நுழைந்த முதலாவது இலங்கை முஸ்லிம் அஸீஸ். வியாபாரச் சமூகம் என்று மட்டும் அறியப்பட்டிருந்த நமக்கு அது எவ்வளவு பெரிய செய்தியாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அவரை நம் கிழக்குக்குக் கொண்டுவந்தது இரண்டாம் உலக யுத்தம். 1942 ஏப்ரல் 5ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு வீசின. நான்கு நாட்களில், ஏப்ரல் 9ஆம் திகதி, திருகோணமலைத் துறைமுகத்தைத் தாக்கின. பர்மாவும் ஜப்பானியர் கைக்குப் போனது. இலங்கை அந்நாளில் அரிசிக்குப் பர்மாவைப் பெரிதும் நம்பியிருந்தது. அந்த வழி அடைபட்டதும் உள்நாட்டில் நெல்லை விளைவிப்பதைத் தவிர வேறு வழியில்லை. உணவு உற்பத்தியைப் பெருக்குவதற்காகக் கல்முனையில் ஓர் அவசரக் கச்சேரி திறக்கப்பட்டது. அதன் பொறுப்பை ஏற்று உதவி அரசாங்க அதிபராக வந்தவர் முப்பது வயதான அஸீஸ்.

அரச காடுகள் வெட்டப்பட்டு வயல்களாகின. காணியற்றவர்களுக்குக் காணி கிடைத்தது. சம்மாந்துறைப் பக்கத்தில் அவர் பெயரால் ஒரு வயற்கண்டத்தையே மக்கள் அழைத்தார்கள். ஒரு கச்சேரி அதிகாரியின் பெயரை விவசாயிகள் தங்கள் வயலுக்கு வைப்பது எளிதில் நடக்கும் காரியமில்லை. அரச நிலம் மக்கள் கைக்கு எப்படிப் போக வேண்டும் என்பதற்குக் கிழக்கில் நமக்கு ஓர் உதாரணம் வேண்டுமென்றால், சம்பூரைப் பார்த்த கண்ணோடு அதையும் பார்க்கலாம்.

ஆனால் கல்முனையில் அவர் கண்டது நெல் தட்டுப்பாட்டை மட்டுமல்ல. வயலும் கடலும் நிறைந்த ஊர்களில் கெட்டிக்காரப் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுடைய படிப்பு ஒரு கட்டத்தோடு நின்றுவிட்டது. மேலே படிக்க வேண்டுமென்றால் மட்டக்களப்புக்கோ கொழும்புக்கோ போக வேண்டும். அங்கே தங்கவும் சாப்பிடவும் பணம் வேண்டும். விதை நெல்லுக்கே கடன் வாங்கும் தகப்பனிடம் அது எங்கிருந்து வரும்?

இந்தக் காலத்தில் அவருக்குக் கிடைத்த இரண்டு நட்புகள் முக்கியமானவை. ஒருவர் கல்முனைக்கு அடுத்த காரைதீவைச் சேர்ந்த சுவாமி விபுலாநந்தர். மற்றவர் காத்தான்குடிக் கவிஞர் அப்துல் காதர் லெப்பை. விபுலாநந்தர் ஏழைப் பிள்ளைகளுக்காகப் பாடசாலைகளைக் கட்டி வளர்த்தவர். அப்துல் காதர் லெப்பை இக்பாலின் சிந்தனையில் தோய்ந்தவர். ஒரு துறவியும் ஒரு கவிஞரும் ஒரு சிவில் சேவை அதிகாரியும் கிழக்கின் கல்வியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஒரு காலம் நம் மாகாணத்துக்கு இருந்தது. தமிழர்களும் முஸ்லிம்களும் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் இருந்துகொண்டே ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்த்த ஆண்டுகளில் வளர்ந்த எனக்கு, இதைப் படித்தபோது பொறாமையாகவே இருந்தது.

1942இலேயே கல்முனையில் ஒரு முஸ்லிம் கல்விச் சங்கம் உருவாக அஸீஸ் காரணமானார். வசதியற்ற திறமையான பிள்ளைகளுக்குப் படிப்புதவி கொடுப்பது அதன் வேலை. அது ஓர் ஊரோடு நின்றுவிடக்கூடாது என்று கண்டுகொண்ட அவர், 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடங்கினார்.

அந்த ஆண்டை ஒரு ஆசிரியராக நான் கவனிக்கிறேன். கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்ததும் 1945இல்தான். படிப்புக் கட்டணம் இல்லை என்றானது. மூன்றாண்டுகளுக்கு முன், 1942இல், இலங்கைப் பல்கலைக்கழகமும் உருவாகியிருந்தது. கதவு திறந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். ஆனால் கட்டணம் இல்லை என்பதால் மட்டும் ஏழைப் பிள்ளை படித்துவிடாது. அதற்குச் சோறும் சட்டையும் புத்தகமும் பஸ் காசும் வேண்டும். அது வீட்டுக்குச் சம்பாதித்துக் கொடுக்காமல் இருக்கும் ஆண்டுகளை வீடு தாங்க வேண்டும். அரசு திறந்த கதவு வரைக்கும் பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது சமூகத்தின் வேலை. அந்த இடைவெளிக்குத்தான் அஸீஸின் நிதி தேவைப்பட்டது.

இங்கேதான் நான் அவரை ஒரு முதலீட்டாளராகப் பார்க்கிறேன். நம் சமூகத்தில் அன்றும் பணம் இருந்தது. கொழும்பிலும் காலியிலும் பேருவளையிலும் மாணிக்கம், துணி, ஏற்றுமதி என்று வியாபாரம் செய்தவர்கள் இருந்தார்கள். ஸகாத்தும் ஸதகாவும் கொடுத்தார்கள். ஆனால் ஒருவர் கையால் ஒருவருக்குக் கொடுக்கும் உதவி அன்றைய பசியைத் தீர்த்ததோடு முடிந்துவிடும். சிறு தொகைகளை ஓரிடத்தில் சேர்த்து, ஒழுங்கான அமைப்பாக்கி, எந்தப் பிள்ளை எவ்வளவு தூரம் போகும் என்று பார்த்து, பத்துப் பதினைந்து ஆண்டுகள் பொறுத்திருந்தால் ஒரு வைத்தியர் வருவார், ஓர் ஆசிரியர் வருவார். ஓரிடத்தில் இருக்கும் பணத்தைத் தேவை இருக்கும் இடத்துக்கு நம்பிக்கையோடு கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வங்கியாளரின் வேலை என்றால், அஸீஸ் நம் சமூகத்தின் பெரிய வங்கியாளர். அதற்காக அவர் எடுத்துக்கொண்ட தரகும் இல்லை, வட்டியும் இல்லை.

மற்றவர்களின் பணத்தோடு அவர் நிற்கவில்லை. 1948இல், நாடு சுதந்திரம் அடைந்த ஆண்டில், அவர் சிவில் சேவையிலிருந்து விலகினார். ஆங்கிலேயர் போய், உயர் பதவிகள் எல்லாம் இலங்கையருக்குத் திறந்துகொண்டிருந்த நேரம் அது. பொறுமையாக இருந்திருந்தால் நிர்வாகத்தின் உச்சிக்கே போயிருப்பார். அதை விட்டுவிட்டு, கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபர் பதவியை ஏற்றுக்கொண்டார். ரி. பி. ஜாயா கட்டி வளர்த்துவிட்டுப் போன கல்லூரி அது.

இந்த முடிவு சரிதானா என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். ஒரு சமூகத்திலிருந்து முதன்முதலாக அதிகாரத்துக்குள் போனவர், அதிலிருந்து வெளியேறுவது அந்தச் சமூகத்துக்கு இழப்பில்லையா? கச்சேரியில் ஒரு முஸ்லிம் அதிகாரி இருந்திருந்தால் எத்தனை காரியங்கள் நடந்திருக்கும்? நியாயமான வாதம்தான். கல்முனை வயல்களே அதற்குச் சாட்சி.

ஆனாலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் பாடசாலையில் இருந்த அனுபவத்தில் நான் அஸீஸின் பக்கம் நிற்கிறேன். ஓர் அதிகாரி செய்யும் நன்மை அவர் இடமாற்றம் பெறும் வரைக்கும்தான். அவருக்குப் பின் வருபவர் கதிரையில் உட்கார்ந்ததும் அது மாறலாம். அவர் ஒருவரே முதல்வர் என்ற பெருமையோடு நம் சமூகம் அங்கேயே நின்றிருக்கவும் கூடும். அவர் தனக்குப் பின்னால் பலர் வர வேண்டும் என்று பார்த்தார். பலர் வருவதற்குப் பாடசாலையைத் தவிர வேறு பாதை இல்லை.

1961 வரை பதின்மூன்று ஆண்டுகள் அவர் ஸாஹிராவை நடத்தினார். கிழக்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். தமிழ் அறிஞர் கார்த்திகேசு சிவத்தம்பி அந்தக் காலத்து ஸாஹிராவில் படித்தவர், பிறகு அங்கேயே படிப்பித்தவர். இந்துக் கல்லூரி ஒரு முஸ்லிம் பிள்ளைக்குக் கொடுத்ததை, அந்த முஸ்லிம் அதிபரானதும் ஓர் இந்துப் பிள்ளைக்குத் திருப்பிக் கொடுத்தார் என்று நான் இதை வகுப்பில் சொல்வதுண்டு.

படித்த இளைஞர்களை ஊருக்கு உதவும் சக்தியாக ஒன்றுசேர்க்க, 1950இல் அகில இலங்கை முஸ்லிம் வாலிபர் சங்கப் பேரவையைத் தோற்றுவித்தார். வை.எம்.எம்.ஏ. என்றால் எல்லோருக்கும் தெரியும். 1952இல் செனட் சபை உறுப்பினரானார். 1956இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழி என்ற சட்டம் வந்தபோது அதை எதிர்த்துப் பேசினார். தான் சார்ந்திருந்த ஐக்கிய தேசியக் கட்சியையும் விட்டு விலகினார். காற்று அடிக்கும் பக்கம் சாய்ந்தால் இலாபம் என்று பலர் கணக்குப் போட்ட காலம் அது. அவரும் கணக்கில் வல்லவர்தான். ஆனால் பிள்ளைகள் எந்த மொழியில் சிந்திக்கிறார்களோ அந்த மொழியை விற்று வாங்கக்கூடிய இலாபம் எதுவும் அவருடைய கணக்கில் இல்லை. 1963இல் பொதுச்சேவை ஆணைக்குழுவின் உறுப்பினராக நியமிக்கப்பட்டார்.

இவ்வளவுக்கும் நடுவில் எழுதிக்கொண்டும் இருந்தார். இலங்கையில் இஸ்லாம், மிஸ்ரின் வசியம், கிழக்காபிரிக்கக் காட்சிகள், தமிழ் யாத்திரை என்று அவருடைய நூல்கள் வந்தன. 1973இல் வெளியான அறபுத் தமிழ் எங்கள் அன்புத் தமிழ் என்ற நூலின் பெயரே அவருடைய இரண்டு பாசங்களையும் சொல்லிவிடும். அதே ஆண்டு நவம்பர் 24ஆம் திகதி, 62 வயதில் அவர் வபாத்தானார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1980இல், அவர் மறைந்த பிறகு, கௌரவக் கலாநிதிப் பட்டம் வழங்கியது.

அவர் பிறந்த யாழ்ப்பாண முஸ்லிம்கள் 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். வீடு, கடை, நகை எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தார்கள். 2006இல் எங்களுக்கும் சம்பூர் மக்களுக்கும் நடந்ததை நாங்களே பார்த்தோம். ஓடும்போது எதைத் தூக்கிக்கொண்டு ஓட முடிந்தது? கல்வீட்டைத் தூக்க முடியவில்லை. தோணியைத் தூக்க முடியவில்லை. அறுவடைக்கு நின்ற வயலைத் தூக்க முடியவில்லை. அகதி முகாமிலும் யாருக்கு வேலை கிடைத்தது என்று நினைத்துப் பாருங்கள். படித்திருந்தவர்களுக்கு. ஆசிரியர் முகாமிலும் ஆசிரியர்தான். தாதி முகாமிலும் தாதிதான். யுத்தத்தில் அழியாத, வர்த்தமானி அறிவித்தல் போட்டுப் பறிக்க முடியாத சொத்து அது ஒன்றுதான்.

அப்படியிருந்தும் இன்று நாம் எதில் பணம் போடுகிறோம்? இரண்டு ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்த ஒரு பையன் சாதாரண தரத்தில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் அதிதிறமைச் சித்தி எடுத்தான். விஞ்ஞானப் பிரிவில் படிக்க ஆசை. நகரத்தில் தங்கிப் படிக்க வேண்டும், பிரத்தியேக வகுப்புக்குப் போக வேண்டும். தகப்பன் கூலிக்குக் கடலுக்குப் போகிறவர். தாயின் காதில் இருந்தது ஏற்கெனவே அடகில். நுண்கடன் தவணை வேறு. மூன்று மாதம் பார்த்தார்கள். இப்போது அந்தப் பையன் வெளியூரில் ஒரு புடவைக் கடையில் நிற்கிறான். நல்ல பிள்ளை, சம்பளத்தை ஒழுங்காக வீட்டுக்கு அனுப்புகிறான். அவன் கடைக்குப் போன அதே மாதத்தில் எங்கள் பக்கத்தில் நடந்த ஒரு கல்யாணத்தின் மேடை அலங்காரச் செலவு, அவனுடைய உயர்தரப் படிப்பு முழுவதற்கும் போதுமானது. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. அது ஹலாலான பணம், அவரவர் சந்தோஷம். ஆனால் இரண்டையும் ஒரே மாதத்தில் பார்த்த ஆசிரியருக்கு நித்திரை வராது.

பல்கலைக்கழகம் போய்விட்டால் மஹாபொல போன்ற உதவிகள் இருக்கின்றன. பிள்ளைகள் விழுவது அதற்கு முன்னால். சாதாரண தரம் எழுதியதிலிருந்து உயர்தரம் எழுதும் வரைக்குமான இரண்டு இரண்டரை ஆண்டுகளில்தான் ஏழைப் பிள்ளை படிப்பை விடுகிறது. அந்தக் காலத்துக்கு மட்டும் ஒரு கை கொடுத்தால் போதும்.

எனவே பள்ளிவாசல் நிர்வாகங்களிடமும், ஊர் வை.எம்.எம்.ஏ. கிளைகளிடமும், வெளிநாட்டில் இருக்கும் நம் சகோதரர்களிடமும் ஒரு வேண்டுகோள். பெரிய கட்டடம் வேண்டாம், திறப்பு விழா வேண்டாம். ஒவ்வொரு ஊரிலும் ஒரு சிறு கல்வி நிதி போதும். கணக்கை வருடத்துக்கு ஒரு முறை எல்லோர் முன்னிலையிலும் வாசியுங்கள். யாருக்கு உதவி என்பதை ஊரின் ஆசிரியர்களிடம் கேளுங்கள். எந்த வீட்டில் எந்தப் பிள்ளை இந்த மாதம் நின்றுவிடப் போகிறது என்று எங்களுக்குத் தெரியும். பெண்பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். பக்கத்துச் சம்பூரில் ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு அதே கஷ்டம் இருந்தால் அதற்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள். அஸீஸைப் படிப்பித்தது யார் என்பதை நினைத்துக்கொண்டால் அதில் நமக்குத் தயக்கம் இருக்காது.

அவர் கல்முனையில் முதல் சங்கத்தைத் தொடங்கியபோது அவருக்கு வயது முப்பதைச் சுற்றித்தான் இருந்தது. குண்டு விழுந்துகொண்டிருந்த, அரிசி கிடைக்காத ஓர் ஆண்டு அது. நம்முடைய நிலைமை அதை விட மோசமில்லை. அவருடைய மண்ணறையை அல்லாஹ் ஒளிமயமாக்குவானாக. அடுத்த சாதாரண தரப் பெறுபேறு வருவதற்கு முன் ஓர் ஊரிலாவது அந்த நிதிக்கு ஒரு கணக்குப் புத்தகம் திறக்கப்படட்டும்.